தளமோ பதிவோ முடக்கப்பட்டால் எங்கே போவது? மேடை, அரசுக் குழு, உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம்

இந்தியாவில் ஒரு பதிவோ தளமோ அரசின் சொல்லால் மறையும்போது, அதை எழுதியவரிடம் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்கூட வந்து சேராது. எந்தச் சட்டப் பிரிவு, எந்த அதிகாரி, என்ன காரணம் என்று எதுவும் தெரியாது. அந்த நிலையில் 'கருத்துரிமை' என்று மட்டும் எழுதி நீதிமன்றம் போகிறவர்களின் மனு பலவீனமாகத்தான் நிற்கும். முடக்கியது யார், எந்தப் பிரிவில் என்பதைப் பொறுத்தே தீர்வு மாறும். ஆகவே எந்த வழியில் போனாலும் முதலில் கேட்க வேண்டியது உத்தரவின் நகல். தடையை நீக்கச் சொல்லும் கோரிக்கை அதற்கு அடுத்ததுதான்.

இது அரிதாக நடக்கும் விஷயமும் இல்லை. நாடாளுமன்றத்தில் அரசு தந்த பதில்களின்படி, இணையத்தில் உள்ளதை முடக்க அரசுக்கு அதிகாரம் தரும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவில் மட்டும் 2018இல் 2,799 முடக்க உத்தரவுகள், 2020இல் 9,849, 2022இல் 6,775. மற்ற பிரிவுகளில் போகும் கோரிக்கைகள் இந்தக் கணக்கில் வராது.

முடக்கியது யார்?

சமூக வலைதளத்தில் இதைக் கண்டுபிடிப்பது ஓரளவு எளிது. எக்ஸ் தளத்தில் சட்டக் கோரிக்கையின் பேரில் இந்தியாவில் நிறுத்திவைக்கப்பட்டது என்ற குறிப்பு வரும். யூடியூபில் தேசப் பாதுகாப்பு அல்லது பொது ஒழுங்கு தொடர்பான அரசு உத்தரவால் இந்த நாட்டில் கிடைக்காது என்று வரும். இந்த இரண்டும் இல்லாமல் சமூக விதிகளை மீறியதாகச் சொன்னால், அது நிறுவனத்தின் சொந்த முடிவு. அதற்கான வழியே வேறு.

இணையதளத்தில் கொஞ்சம் சோதித்துப் பார்க்க வேண்டும். இரண்டு கைபேசி நிறுவனங்கள், ஒரு பிராட்பேண்ட் என்று குறைந்தது மூன்று இணைப்புகளில் திறந்து பாருங்கள். வெளிநாட்டிலிருந்தும் திறக்கவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் உங்கள் சர்வரில் இருக்கும். வெளிநாட்டில் திறந்து, உள்நாட்டில் சில நிறுவனங்களில் மட்டும் திறக்கவில்லை என்றால் அது தடைக்கான அறிகுறி. இணைய நிறுவனங்கள் ஒரே முறையில் தடுப்பதில்லை. தளப் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைக்கு டிஎன்எஸ் என்று பெயர்; சில நிறுவனங்கள் அந்தக் கேள்விக்குப் பொய்யான விடை தரும். டிஎன்எஸ் சேவையை மாற்றிப் பார்த்துத் தளம் திறந்தால் அது இந்த வகை. வேறு சில, மறையாக்க இணைப்பின் தொடக்கத்தில் வெளிப்படையாகப் போகும் தளப் பெயரைப் படித்து இணைப்பை அறுத்துவிடும்; அப்போது டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் பயன் இருக்காது. ஒரே உத்தரவு ஒரு நிறுவனத்தில் வேலை செய்து, இன்னொன்றில் வேலை செய்யாமல் போவது இதனால்தான். 'எனக்குத் திறக்கிறதே' என்று அரசு வழக்கறிஞர் சொல்லும்போது கொடுக்க வேண்டிய பதிலும் இதுதான். ஊனி புரோப் என்ற இலவசச் செயலி இந்தச் சோதனைகளைத் தானே செய்து, தேதியோடு பொதுத் தரவுத்தளத்தில் பதிந்துவிடும்.

சட்ட வழி என்று பார்த்தால் நான்கு. முதலாவது, 69ஏ பிரிவும் 2009ஆம் ஆண்டு முடக்க விதிகளும். இதை நடத்துவது மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம். இரண்டாவது, செய்தித் தளங்களுக்கும் ஓடிடிக்கும், இடைநிலை நிறுவனங்கள், டிஜிட்டல் ஊடகங்களுக்கான 2021 தகவல் தொழில்நுட்ப விதிகளின் மூன்றாம் பகுதி. இங்கே பொறுப்பு தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு. மூன்றாவது, 79(3)(பி) பிரிவு. இது நேரடியாக முடக்கும் அதிகாரம் தரவில்லை. அரசு சுட்டிக்காட்டிய பிறகும் நீக்காத நிறுவனம் தன் சட்டப் பாதுகாப்பை இழக்கும் என்று மட்டும்தான் சொல்கிறது. ஆனால் நடைமுறையில் உள்துறையின் 'சஹயோக்' இணைய வாயில் வழியாக நூற்றுக்கணக்கான அதிகாரிகள் நீக்கக் கோரிக்கை அனுப்பும் பாதையாக அது மாறிவிட்டது. நான்காவது, நீதிமன்ற உத்தரவு. அவதூறு, பதிப்புரிமை வழக்குகளில் வருவது. இதற்கு நிவாரணம் அந்த வழக்கிலேயே உங்களையும் ஒரு தரப்பாகச் சேர்க்கச் சொல்வதும், உத்தரவை ரத்து செய்யவோ மேல்முறையீடு செய்யவோ முயல்வதும்தான். அரசை எதிர்த்து ரிட் மனு போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

முதல் இரண்டு நாள் வேலை

பதிவை அவசரப்பட்டு நீக்கிவிடாதீர்கள். முதலில் பக்கத்தின் முழு நகல், முகவரி, வெளியான நேரம், முடக்கக் குறிப்பின் ஸ்கிரீன்ஷாட், மின்னஞ்சலில் வந்த அறிவிப்பு (தலைப்புத் தகவலோடு) ஆகியவற்றைச் சேமியுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் ஷா-256 ஹேஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் கைரேகை போன்ற எண்) கணக்கிட்டுக் குறித்துவையுங்கள். 2023 பாரதிய சாக்ஷிய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) 63(4) பிரிவுச் சான்றிதழில் இந்த ஹேஷ் மதிப்பைக் கேட்கிறார்கள். சான்றிதழில் இரண்டு பகுதி உண்டு: ஒன்று தாக்கல் செய்பவர் தர வேண்டியது, மற்றது நிபுணர் தர வேண்டியது. பழைய 65பி சான்றிதழ் பழக்கத்தில் ஒரே பகுதியோடு தாக்கல் செய்துவிட்டுப் பிறகு திண்டாடுகிறவர்கள் உண்டு.

மேடைக்கு, அதாவது பதிவு இருந்த சமூக வலைதள நிறுவனத்துக்கு, உடனே எழுத வேண்டிய கேள்விகள் நான்கு: யாருடைய உத்தரவு, எந்தப் பிரிவு, எந்தத் தேதி, நகல் தர முடியுமா. பெரும்பாலும் முழு விடை வராது. 2009 விதிகளின் 16ஆம் விதி ரகசியம் காக்கச் சொல்கிறது என்பார்கள். ஆனாலும் 'இந்திய அரசின் கோரிக்கை, 69ஏ' என்ற ஒற்றை வரி கிடைத்தால் போதும். எந்த அமைச்சகத்தை எதிர்மனுதாரராக்குவது என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மேடையின் மேல்முறையீடு

2021 விதிகளின்படி மேடையின் குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்தில் புகாரைப் பெற்றதாக ஒப்புக்கொண்டு, ஏழு நாளில் தீர்க்க வேண்டும். முடிவு பிடிக்கவில்லை என்றால் 30 நாளுக்குள் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்குப் போகலாம். 2023 ஜனவரியில் அமைக்கப்பட்ட மூன்று குழுக்கள் இவை. எல்லாம் இணைய வழியில் நடக்கும், வழக்கறிஞர் தேவையில்லை.

நிறுவனமே தன் விதியைக் காட்டி நீக்கியிருந்தால் இது நல்ல வழி, பெரும்பாலும் முதல் வழியும் இதுதான். தனியார் நிறுவனம் அரசியலமைப்புச் சட்டத்தின் 12ஆம் கூறு சொல்லும் 'அரசு' ஆகாது என்பதால், அதன்மேல் ரிட் மனு போட்டால் முதல் ஆட்சேபமே அங்கிருந்து வரும். கருத்துரிமை தரும் 19, உயிர் வாழும் உரிமை தரும் 21 ஆகிய கூறுகளின் உரிமைகளைத் தனியாருக்கு எதிராகவும் நிலைநாட்டலாம் என்று 2023 ஜனவரியில் கௌஷல் கிஷோர் வழக்கில் அரசியலமைப்பு அமர்வின் பெரும்பான்மை சொன்னது உண்மை. அதை மட்டுமே நம்பி ஒரு கணக்கை மீட்கக் கிளம்புவது நீண்ட பயணம்.

அரசு உத்தரவால் நீங்கிய பதிவுக்கு இந்த வழி பயன்படாது. குழு பரிசீலிப்பது மேடை அலுவலரின் முடிவை. அரசு உத்தரவை நிறைவேற்றாத நிறுவனத்தின் பொறுப்பாளருக்கு 69ஏ பிரிவில் ஏழு ஆண்டு வரை சிறை உண்டு. ஆகவே உங்கள் மனுவைப் பார்த்து மேடை மனம் மாறப்போவதில்லை. மத்திய அரசு நியமித்த குழு, மத்திய அரசின் உத்தரவை மாற்றும் என்று காத்திருந்தால் ஒரு மாதத்துக்கு மேல் போய்விடும்.

அரசுக் குழு

2009 விதிகளைப் படித்தால் ஒழுங்கான ஏற்பாடாகத் தோன்றும். துறையின் தொடர்பு அதிகாரி வழியாகக் கோரிக்கை வரும். சட்டம், உள்துறை, தகவல் ஒலிபரப்பு, செர்ட்-இன் (கணினிப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பு) ஆகியவற்றின் இணைச் செயலர் நிலை அதிகாரிகள் கொண்ட குழு அதைப் பார்க்கும். 8ஆம் விதியின்படி, பதிவிட்டவருக்கு அல்லது இடைநிலை நிறுவனத்துக்கு (பதிவைத் தாங்கும் மேடைக்கு) குறைந்தது 48 மணி நேரம் தந்து பதில் கேட்க வேண்டும். இந்த 'அல்லது' என்ற ஒரு சொல்லில்தான் நடைமுறை வழுக்குகிறது. நோட்டீஸ் நிறுவனத்துக்கு மட்டும் போகும், எழுதியவருக்குத் தெரியாது. அவசரம் என்றால் 9ஆம் விதி. முதலில் முடக்கிவிட்டு 48 மணி நேரத்துக்குள் குழுவின் முன் வைத்தால் போதும். செய்தித் தளங்களுக்கு 2021 விதிகளிலும் இதே போன்ற அவசர வழி உண்டு.

மேலே ஒரு மறுஆய்வுக் குழுவும் இருக்கிறது: அமைச்சரவைச் செயலர், சட்டச் செயலர், தொலைத்தொடர்புச் செயலர். இரண்டு மாதத்துக்கு ஒரு முறையாவது கூடி, உத்தரவு சட்டப்படி இல்லை என்று கண்டால் ரத்து செய்யலாம். பாதிக்கப்பட்டவர் மேல்முறையீடு செய்ய விதிகளில் தனி வழி சொல்லப்படவில்லை. மனு அனுப்பலாம், விசாரிக்கக் கட்டாயம் இல்லை.

அப்படியானால் குழுவை ஒதுக்கிவிடலாமா? கூடாது. இரண்டு காரணங்கள். 'மாற்று நிவாரணத்தை நாடாமல் வந்துவிட்டார்' என்ற ஆட்சேபத்தை உயர் நீதிமன்றத்தில் அடைக்க ஒரு கடிதம் தேவை. இரண்டாவது, குழு விசாரணைக்கு அழைத்தால் அங்கே சொல்லப்படும் காரணம்தான் நீங்கள் முதன்முதலில் பார்க்கப்போகும் காரணம். அதை எழுத்தில் கேளுங்கள். விசாரணை முடிந்த அன்றே, பேசியதைச் சுருக்கி மின்னஞ்சல் அனுப்பிப் பதிவாக்கிக்கொள்ளுங்கள்.

மனுவை இரண்டு பக்கத்துக்குள் வையுங்கள். பதிவின் முகவரி, பதிவிட்டவர் அடையாளம் (அநாமதேயமாக இருந்துகொண்டு விசாரணை உரிமையைக் கேட்பது கடினம்), உத்தரவின் நகல், 8ஆம் விதிப்படி விசாரணை, ஏழு நாள் கெடு. அவ்வளவு போதும். வாதத்தை அங்கே கொட்ட வேண்டாம்.

தகவல் உரிமைச் சட்டம் இதற்குத் துணைக்கருவி. கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். நாட்டின் பாதுகாப்பைச் சொல்லித் தகவல் மறுக்க இடம்தரும் 8(1)(ஏ) பிரிவைக் காட்டி மறுப்பார்கள் என்று தெரிந்தே போடலாம். மறுப்புக் கடிதமே, உத்தரவு இருக்கிறது, அது இந்த அமைச்சகத்தின் கோப்பில் இருக்கிறது என்பதற்கு அவர்கள் தரும் ஒப்புதல். ஆனால் அது வரும்வரை நீதிமன்றம் போகாமல் காத்திருக்க வேண்டியதில்லை.

உயர் நீதிமன்றம்

அரசு முடக்கிய எதற்கும், பெரும்பாலானோருக்கு, சரியான இடம் 226ஆம் கூறின் கீழ் உயர் நீதிமன்றம்தான். இதைச் சொன்னதே உச்ச நீதிமன்றம். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில், எரிச்சலூட்டும் இணையப் பதிவுக்குச் சிறை என்ற 66ஏ பிரிவைச் செல்லாது என்று வீசியெறிந்த அதே தீர்ப்பு, 69ஏ பிரிவை ஏற்றுக்கொண்டது. ஏன்? காரணங்கள், கருத்துரிமைக்கு அரசியலமைப்பு அனுமதிக்கும் கட்டுப்பாடுகளைப் பட்டியலிடும் 19(2)க்குள் அடங்குகின்றன, விசாரணைக்கு வழி இருக்கிறது, காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்பதால் 226இன் கீழ் அதை எதிர்க்க முடியும் என்பதால். எழுத்தில் உள்ள காரணத்தை எழுதியவருக்குக் காட்டாமல் 16ஆம் விதியைச் சொல்லிப் பூட்டிவைத்தால், 69ஏ தப்பிப் பிழைத்த அடிப்படையே ஆடுகிறது. உங்கள் மனுவின் முதுகெலும்பு இந்த வாதம்தான். சட்டத்தை எதிர்க்கவில்லை, சட்டம் செல்லும் என்ற தீர்ப்பை அப்படியே நடைமுறைப்படுத்தக் கேட்கிறீர்கள்.

நகல் கேட்டுக் கிடைத்ததும் உண்டு. 2018இல் முடக்கப்பட்ட ஒரு வரதட்சணை நையாண்டித் தளத்தின் வழக்கில், உத்தரவின் நகலைத் தந்து பிந்தைய விசாரணை நடத்துமாறு தில்லி உயர் நீதிமன்றம் 2022 மே மாதம் சொன்னது. நான்கு ஆண்டு கழித்து. நகல் கிடைப்பது வெற்றி. தளம் திரும்பி வருவது அதற்கப்புறம் நடக்கிற தனிப் போராட்டம்.

நம் ஊர் உதாரணம் இதைவிட வேகமானது. 2025 பிப்ரவரியில் விகடனின் இணைய இதழ் ஒன்றில், பிரதமர் கைவிலங்கோடு அமெரிக்க அதிபர் அருகில் இருப்பதாக ஒரு கார்ட்டூன் வந்தது. பிப்ரவரி 15 முதல் ஒட்டுமொத்தத் தளமும் பலருக்குத் திறக்கவில்லை. மார்ச் 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு தந்தது: அந்தப் பக்கத்தைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு அமைச்சகத்துக்குத் தெரிவித்தால் தளத்தின் தடையை நீக்க வேண்டும். கவனிக்க வேண்டியது கோரிக்கையின் அளவு. ஒரு பக்கத்தின் மேல் புகார் இருக்கும்போது மொத்தத் தளத்தையும் பூட்டுவது, தேவைக்கு மேற்பட்ட கட்டுப்பாடு. கட்டுப்பாடு தேவைக்கேற்ற அளவா என்று நீதிமன்றம் பார்க்கும் விகிதாசாரச் சோதனையின் மூன்றாம் படியில் (இதைவிடக் குறைவான கட்டுப்பாடு சாத்தியமா?) அது விழுந்துவிடுகிறது.

ஆகவே இடைக்காலக் கோரிக்கையைப் படிப்படியாக அமையுங்கள். முதலில் ஒரு வாரத்தில் நகலும் விசாரணையும். அடுத்து, புகாருக்குள்ளான முகவரி தவிர மற்றவற்றைத் திறப்பது. கடைசியில் முழுத் தடை நீக்கம். நீதிபதி முதல் நாளில் மூன்றாவதைத் தருவது அபூர்வம். முதல் இரண்டையும் கேட்காமல் விட்டவர்கள் வெறுங்கையோடு அடுத்த தேதி வாங்கி வருகிறார்கள். பக்கத்தைத் தற்காலிகமாக எடுக்க ஒப்புக்கொள்வதற்கும் ஒரு விலை உண்டு. 'உரிமைக்குப் பாதகமின்றி, இறுதித் தீர்ப்பு வரை' என்ற சொற்கள் உத்தரவிலேயே இடம்பெற வேண்டும். இல்லையென்றால் வழக்கின் மூலப்பொருளையே விட்டுக்கொடுத்ததாகிவிடும். இன்னொரு பக்கம், ஒரே ஒரு பதிவுதான் உங்கள் வழக்கு என்றால் இந்தச் சமரசத்தில் உங்களுக்கு எதுவும் மிஞ்சாது. அங்கே நேரடியாகக் காரணத்தைத் தாக்க வேண்டியதுதான்.

காரணத்தைத் தாக்குவது எப்படி? 69ஏ பிரிவில் இருப்பவை இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் ராணுவப் பாதுகாப்பு, அரசின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, இவை தொடர்பான, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றத்துக்குத் தூண்டுதல் ஆகியவை மட்டுமே. 19(2)இல் இருக்கும் அவதூறு, ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு ஆகியவை இதில் இல்லை. 'பொய்ச் செய்தி', 'தவறாக வழிநடத்துவது' ஆகியவை இரண்டிலுமே இல்லை. அரசின் உண்மை சரிபார்ப்புப் பிரிவுக்கு வழிசெய்த விதித் திருத்தத்தைப் பம்பாய் உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தபோது, 19(2)க்கு வெளியே புதுக் காரணம் உருவாக்க முடியாது என்பதும் ஒரு அடிப்படை. உத்தரவில் உள்ள ஒவ்வொரு காரணச் சொல்லையும் இந்தப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே பாதி வாதம் தயாராகிவிடும். காரணத்தை நீதிபதிக்கு மட்டும் 'மூடிய உறையில் தருகிறோம்' என்று அரசு சொன்னால் 2023 ஏப்ரல் 5 தேதியிட்ட மாத்யமம் பிராட்காஸ்டிங் தீர்ப்பைக் கையில் வைத்திருங்கள். தேசப் பாதுகாப்பு என்ற சொல்லை வெறுமனே உச்சரித்து நடைமுறை நியாயத்தை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் அதில் சொன்னது. அரசுக் கொள்கையை விமர்சிப்பது 19(2) கட்டுப்பாட்டுக்குள் வராது என்றும் சொன்னது.

மனு தள்ளிப்போகவும் தோற்கவும் காரணமாகும் இடங்கள் சில இருக்கின்றன.

மனுதாரர் யார் என்பது முக்கியம். 19(1)(ஏ) தரும் கருத்துரிமை குடிமக்களுக்கான உரிமை. நிறுவனத்தின் பெயரில் மட்டும் மனு போட்டால் அந்த ஆட்சேபம் வரும். ஆசிரியரையோ இந்தியக் குடிமகனான உரிமையாளரையோ சேர்த்து மனுதாரராக்குங்கள். 2025 செப்டம்பரில் 'சஹயோக்' வாயிலை எதிர்த்த எக்ஸ் நிறுவனத்தின் மனுவைக் கர்நாடக உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோது, வெளிநாட்டு நிறுவனம் 19ஆம் கூறைக் கோர முடியாது என்பதும் ஒரு காரணம். அதற்கு முன் 2023 ஜூனில் அதே நீதிமன்றம், அதே நிறுவனத்தின் இன்னொரு மனுவை 50 லட்சம் ரூபாய் செலவுத்தொகையோடு தள்ளியது. உத்தரவுகளை நீண்ட காலம் நிறைவேற்றாமல் இருந்துவிட்டு வந்ததும் அங்கே எதிராக நின்றது. மேடை உங்களுக்காகப் போராடும் என்று காத்திருக்கலாகாது என்பதற்கு இந்த இரண்டும் சாட்சி.

அடுத்து, உத்தரவு கையில் இல்லாமல் ரத்து கோருவது. சென்னையில் பதிவுத் துறை, எதிர்க்கப்படும் உத்தரவு எங்கே என்று மனுவைத் திருப்பும். உத்தரவைத் தாக்கல் செய்வதிலிருந்து விலக்கு கோரும் துணை மனுவையும், ஆவணத்தை வரவழைக்கும் கோரிக்கையையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள். எதிர்மனுதாரர்களில் முடக்கிய அமைச்சகத்தோடு தொலைத்தொடர்புத் துறையையும் சேர்க்க வேண்டும். இணைய நிறுவனங்களுக்குக் கட்டளை போவது அந்தத் துறை வழியாக. அதை விட்டுவிட்டால் உத்தரவு வாங்கிய பிறகும் தளம் சில இணைப்புகளில் திறக்காது.

மூன்றாவது இடம், தவிர்க்கக் கடினமான ஓர் ஆசை: '69ஏ பிரிவே செல்லாது' என்று ஒரு கோரிக்கையைச் சேர்ப்பது. சேர்த்தால் தனி நீதிபதியிடமிருந்து அமர்வுக்குப் போகும், வேகம் குறையும், ஷ்ரேயா சிங்கல் தீர்ப்பு குறுக்கே நிற்கும். விதிகளின் செல்லுந்தன்மையைக் கேட்க வேறு வழக்குகள் நடந்துகொண்டிருக்கின்றன. உங்கள் தளம் திறக்க அது தேவையில்லை. செய்தித் தளங்களை நெறிமுறைக்கும் அரசு மேற்பார்வைக்கும் உட்படுத்தும் 2021 விதிகளின் 9(1), 9(3) பகுதிகளுக்கு 2021 ஆகஸ்டில் பம்பாய் இடைக்காலத் தடை தந்து, அடுத்த மாதம் சென்னை அதை ஆமோதித்தது போன்ற வெற்றிகள் செய்தித் தளம், பத்திரிகையாளர், பதிப்பாளர் சங்கம் போன்றோர் அதற்கென்றே தனியாக நடத்தியவை.

சென்னையா தில்லியா? வெளியீட்டாளர் இருக்கும் இடத்தில் வழக்கின் காரணத்தில் ஒரு பகுதி எழுகிறது என்பதால் சென்னையிலோ மதுரைக் கிளையிலோ போடலாம். தில்லியில் அமைச்சகக் கோப்புகள் பக்கத்தில், முன்னுதாரணங்கள் அதிகம். ஆனால் தமிழ்ப் பதிவின் பொருளைத் தில்லியில் விளக்க மொழிபெயர்ப்பு தேவை, மொழிபெயர்ப்பில் நையாண்டி வசையாகிவிடும். தமிழில் எழுதுகிறவருக்குச் சென்னைதான் மேல்.

உச்ச நீதிமன்றம்

அடிப்படை உரிமைக்காக நேரே உச்ச நீதிமன்றம் போக வழிதரும் 32ஆம் கூறே ஓர் அடிப்படை உரிமை. 1950இல் பம்பாய் வார இதழ் ஒன்றுக்குச் சென்னை மாகாண அரசு தடை போட்டபோது ரொமேஷ் தாப்பர் நேரே உச்ச நீதிமன்றம் போனார். முதலில் உயர் நீதிமன்றம் போக வேண்டாமா என்று சென்னை அரசு கேட்டதை நீதிபதிகள் ஏற்கவில்லை, தடையும் ரத்தானது. (அடுத்த ஆண்டே முதல் திருத்தம் வந்து 19(2)இல் பொது ஒழுங்கு சேர்ந்தது. 'நியாயமான' என்ற சொல் கட்டுப்பாடுகளுக்கு முன்னால் வந்ததும் அப்போதுதான்.) இன்று அந்தக் கதவு அவ்வளவு அகலமாகத் திறப்பதில்லை. 'உயர் நீதிமன்றம் போங்கள்' என்ற ஒரு வரியில் மனு முடிவது வழக்கமாகிவிட்டது.

ஆனாலும் சில சமயம் இது பலன் தரும். 2025 ஏப்ரல் இறுதியில் முடக்கப்பட்ட ஓர் இந்திச் செய்தி யூடியூப் சேனலின் ஆசிரியர் 32இன் கீழ் போனார். நோட்டீஸ் போனதும் மே மாதத்திலேயே தடை விலக்கப்பட்டது. அதாவது அரசு தீர்ப்பை எதிர்கொள்ளாமல் பின்வாங்கியது. சேனல் திரும்பியது, சட்டக் கேள்விக்கு விடை வரவில்லை. பெரிய வாசகர் கூட்டமும் தில்லியில் மூத்த வழக்கறிஞரும் இருப்பவருக்கு இந்தக் கணக்கு சரி. மற்றவர்களுக்கு, அங்கே தோற்றால் அதற்கு மேல் போக இடம் இல்லை என்பதே போதுமான எச்சரிக்கை. எழுதியவரை அடையாளம் காண முடியும் என்றால் அவருக்கும் நோட்டீஸ் தந்தாக வேண்டுமா என்ற கேள்வியில் 2025 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. உங்கள் உயர் நீதிமன்ற மனுவில் அதைக் குறிப்பிடலாம். அதன் முடிவுக்காக உங்கள் மனுவை நிறுத்திவைக்க அரசு கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

நீக்கிவிட்டு நகர்வது, வேறு முகவரிக்குப் போவது

இதையும் ஒரு வழியாகவே எடைபோட வேண்டும். சிறு தளம், பழைய பதிவு, வழக்குச் செலவு தாங்காது என்றால் பக்கத்தை எடுத்துவிட்டுத் தளத்தைக் காப்பாற்றுவதில் வெட்கம் இல்லை. ஆனால் வழக்கு போடும் எண்ணம் இருந்தால் அதற்கு முன் புது முகவரியில் அதே பதிவை ஏற்றாதீர்கள். இடைக்கால நிவாரணம் கேட்கும்போது 'உத்தரவைச் சுற்றிப் போகிறவர்' என்ற படம் விழும். விபிஎன் (இணைப்பை வேறு இடம் வழியாகத் திருப்பிவிடும் சேவை) வாசகருக்கான வழி, வெளியீட்டாளருக்கான தீர்வு இல்லை. 2022 ஏப்ரலில் செர்ட்-இன் தந்த கட்டளைப்படி விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளர் விவரத்தை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பதையும் வாசகருக்குச் சொல்லாமல் பரிந்துரைக்கக் கூடாது.

79(3)(பி) கோரிக்கையால் நீங்கிய பதிவுக்கு ஒரு சலுகை உண்டு. 2025 நவம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, அந்தக் கோரிக்கையை இணைச் செயலர் நிலைக்குக் குறையாத அதிகாரி, அப்படி யாரும் இல்லாத இடத்தில் இயக்குநர் நிலை அதிகாரி, காவல்துறை என்றால் டிஐஜி நிலைக்குக் குறையாதவர்தான் அனுப்ப வேண்டும்; சட்ட அடிப்படையும் காரணமும் குறிப்பிட வேண்டும். மேடையிடமிருந்து அனுப்பியவரின் பதவியை மட்டும் கேட்டு வாங்கினால், சில கோரிக்கைகள் அங்கேயே செல்லாதவை ஆகிவிடும்.

ஊர் முழுக்க இணையம் நின்றால்

இது வேறு சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் இதில் வராது. 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பின் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையம் நிறுத்தப்பட்டது 2017 தொலைத்தொடர்பு நிறுத்த விதிகளின் கீழ். இப்போது அந்த இடத்தில் 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 20ஆம் பிரிவும் 2024 விதிகளும் இருக்கின்றன. உத்தரவு தருபவர் மாநில உள்துறைச் செயலர். உச்ச வரம்பு 15 நாள்.

இங்கே கேட்க வேண்டியது இன்னும் எளிது. 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் தீர்ப்பு, நிறுத்த உத்தரவுகளை வெளியிட வேண்டும், காலவரையற்று நிறுத்தக் கூடாது, ஒவ்வொன்றும் மறுஆய்வுக்குப் போக வேண்டும் என்றது. அதே தீர்ப்பு இணையத்தைத் தானே திறந்துவிடவில்லை. காஷ்மீரில் 4ஜி திரும்பியது 2021 பிப்ரவரியில். ஆகவே இணையம் நின்ற முதல் நாளே மாவட்ட ஆட்சியருக்கும் உள்துறைச் செயலருக்கும் உத்தரவின் நகல் கேட்டு எழுத்தில் கொடுங்கள். மின்னஞ்சல் போகாது என்பதால் நேரில் கொடுத்து முத்திரை வாங்க வேண்டும். வெளியிடப்படாத உத்தரவு என்று காட்ட முடிந்தால் உயர் நீதிமன்றத்தில் அவசர மனுவாக அதை எடுக்கச் சொல்லலாம். வங்கிப் பரிமாற்றம், மருத்துவமனை, தேர்வு விண்ணப்பம் என்று தடைபட்ட ஒன்றைத் தேதியோடு பிரமாணப் பத்திரத்தில் சேர்த்தால் மனு கருத்துரிமையோடு தொழில் உரிமையையும் பிடித்துக்கொள்ளும். இதே தீர்ப்பு இணைய வழித் தொழிலுக்கும் 19(1)(ஜி) பாதுகாப்பைத் தந்திருக்கிறது.